‘24 மணி நேரத்தில் உரம்’ மெஷினுக்குக் கையெழுத்துப் போடும் முன்

சென்னையில் நூறு வீடுகளுக்கு மேல் உள்ள அடுக்ககத்தில் குப்பைப் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருந்தால், சீக்கிரமே ஒருவர் வழவழப்பான கையேட்டோடு வந்து நிற்பார். இன்று காலை ஈரக்குப்பையைப் போட்டால் நாளை காலை உரம் அள்ளலாம் என்பார். எங்கள் 120 வீடுகளுக்கும் அப்படி ஒருவர் வந்தார். ஜிஎஸ்டியோடு சேர்த்து ஆறு லட்சத்துச் சொச்சம். பொதுக்குழுவில் கைதட்டலோடு நிறைவேறியது. இன்று எங்கள் ஈரக்குப்பை முழுவதும் வளாகத்துக்குள்ளேயே மக்குகிறது. ஆனால் அதற்கும் அந்த மெஷினுக்கும் சம்பந்தமே இல்லை. அது ஜெனரேட்டர் ரூமுக்குப் பின்னால் தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிறது. நடுவில் பட்டதையெல்லாம் வரிசையாக எழுதுகிறேன். அப்போது விசாரிக்கப் போன இடங்களில் எல்லோரும் மெஷினின் பெயரைச் சொன்னார்களே தவிர, அதிலிருந்து வெளியே விழுவது என்ன என்று ஒருவரும் சொல்லவில்லை.

எதற்காக வாங்கப் போனோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். 2016-ல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகள், நாளுக்குச் சராசரியாக 100 கிலோவுக்கு மேல் குப்பை சேரும் இடங்களைத் தனி வகையாக வைத்தன. 5,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட சுற்றுச்சுவர் வளாகங்கள் மக்கும் குப்பையை முடிந்தவரை உள்ளேயே பதப்படுத்த வேண்டும் என்றும் சொன்னன. ஒரு வீட்டுக்கு ஈரக்குப்பை அரை கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை வரும். எங்களுக்கு நாளுக்கு 75 கிலோ. உலர்குப்பையையும் சேர்த்தால் நூறைத் தாண்டிவிடும். ஆகவே நாமும் அந்தப் பட்டியலில்தான். இன்னொரு காரணமும் இருந்தது. தென்சென்னைக் குப்பை பல பத்தாண்டுகளாகப் போய்க் குவிந்தது பெருங்குடியில். அது பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தை ஒட்டிய இடம். உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் 2022-ல் சேர்ந்த அதே சதுப்புநிலம். அங்கே பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் பயோமைனிங் வேலை நடந்தது. ஒரே மூட்டையில் கட்டி அனுப்பிய சாம்பார் வண்டலையும் ஷாம்பூ சாஷேவையும் பிற்காலத்தில் சலித்துப் பிரிப்பது எவ்வளவு பெரிய வேலை என்று அங்கே தெரியும். வீட்டு வாசலில் பிரிப்பதற்கு ஆகும் செலவு அதில் ஒரு துளிகூட இல்லை.

சரி, மெஷினுக்கு வருவோம். உள்ளே ஒரு தொட்டி, அதைச் சூடாக்கும் ஹீட்டர், மெதுவாகக் கிளறும் துடுப்பு, ஆவியை வெளியே தள்ளும் குழாய். இவ்வளவுதான் சரக்கு. காய்கறிக் கழிவில் நான்கில் மூன்று பங்கு தண்ணீர். 75 கிலோ போட்டால் அதில் 55 கிலோவுக்கு மேல் தண்ணீர். மறுநாள் 20 கிலோ பொடி கிடைக்கும். ‘எழுபது சதவீதம் குறைந்துவிட்டது பாருங்கள்’ என்று காட்டுவார்கள். குறைந்தது தண்ணீர் மட்டும். சுண்டைக்காயை வெயிலில் போட்டால் வற்றல் கிடைப்பது போல, இது குப்பை வற்றல். நனைத்தால் மறுபடி குப்பை. மக்குவது என்பது நுண்ணுயிர்கள் தின்று, சூடேறி, ஆறி, பிறகு பூஞ்சைகள் வந்து மிச்சத்தை உடைக்கும் வேலை. நல்ல நிர்வாகத்திலும் அதற்கு முப்பது, நாற்பது நாளாவது பிடிக்கும். எழுபது டிகிரிக்கு மேல் சூட்டில் வைத்துக் கிளறினால் அந்த வேலையைச் செய்ய வேண்டிய உயிர்களில் பெரும்பாலானவை செத்துப்போகும். கூடவே ஒரு பாக்கெட் ‘சிறப்பு நுண்ணுயிர்’ பொடியை மாதாமாதம் விற்பார்கள். எந்த உயிரும் ஒரே ராத்திரியில் வாழை மட்டையைத் தின்று தீர்க்காது.

மின்சாரக் கணக்கை நீங்களே போட்டுக்கொள்ளலாம், யாரையும் கேட்க வேண்டாம். ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்க, சூடேற்றுவதையும் சேர்த்து, ஏறக்குறைய 0.7 யூனிட் வேண்டும். இயற்பியலின் விலை அது. எந்தக் கம்பெனியும் தள்ளுபடி தர முடியாது. 55 கிலோ தண்ணீருக்கு 38 யூனிட்டுக்கு மேல், மெஷினின் உடம்பு வழியாகவும் குழாய் வழியாகவும் வீணாகும் சூட்டையும் சேர்த்தால் 40–45 யூனிட். மாதத்துக்கு 1,250 யூனிட் பக்கம். அடுக்ககங்களின் பொது இணைப்புக்கு யூனிட் எட்டு ரூபாய்க்கு மேல் என்பதால் பில்லில் பத்தாயிரம் ரூபாய் கூடுகிறது. கையேட்டில் ‘மோட்டார் 2 குதிரைத்திறன்’ என்று மட்டும் போட்டிருப்பார்கள். ஹீட்டர் எத்தனை கிலோவாட், ஒரு நாளில் எத்தனை மணி நேரம் ஓடும் என்பதைப் பின்பக்கத் தகட்டில் பார்த்தால்தான் தெரியும்.

பொடி விஷயத்துக்கு வருகிறேன். பார்க்க நன்றாகவே இருந்தது. காபித்தூள் நிறம், லேசான வறுத்த வாசனை. தோட்டத்துக்குப் போட்டோம். முதல் மழை பெய்ததும் அது ஊதிப் பெருத்து, வெள்ளைப் பூசணம் பூத்து, ஈ மொய்த்தது. ‘சார், குப்பையைத்தான் மறுபடி தோட்டத்துல கொட்டியிருக்கோம்’ என்று ஹவுஸ்கீப்பிங் அக்கா சொன்னதுதான் அந்தப் பொடியைப் பற்றி எங்களுக்குக் கிடைத்த முதல் நேர்மையான ஆய்வறிக்கை. தொட்டிச் செடிகளில் இலை ஓரம் கருகியது. காரணம் இரண்டு. மக்காத பொருள் ஈரமானதும் வேர்ப்பக்கத்திலேயே அழுகத் தொடங்கி, அங்கிருக்கும் ஆக்சிஜனையும் தழைச்சத்தையும் பிடுங்கிக்கொள்ளும். இன்னொன்று உப்பு. சோற்றிலும் குழம்பிலும் இருந்த உப்பெல்லாம் தண்ணீர் போன பிறகு அந்த 20 கிலோவுக்குள் செறிந்து நிற்கும். நகர்ப்புறக் கம்போஸ்ட்டுக்கு உரக் கட்டுப்பாட்டு ஆணை வைத்திருக்கும் வரையறையில் கார்பன்–நைட்ரஜன் விகிதம் (ஒரு பங்கு நைட்ரஜனுக்கு எத்தனை பங்கு கார்பன் என்பது) 20-க்குக் கீழே, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத்திறன் 4-க்கு மேல் போகக் கூடாது என்று இருக்கிறது. எந்த மெஷின் விற்பவரிடமும் இந்த இரண்டு எண்ணுக்கான ஆய்வகச் சான்றைக் கேளுங்கள். பேச்சு அங்கேயே வேறு திசைக்குத் திரும்பும்.

சான்று இல்லாமலேயே வீட்டில் சோதித்துவிடலாம். பொடியில் இரண்டு கைப்பிடி எடுத்து, பிழிந்த துணி அளவுக்கு நனைத்து, ஜிப் பையில் காற்றில்லாமல் மூடி மூன்று நாள் வையுங்கள். திறந்ததும் மண்வாசனை வந்தால் மக்கியிருக்கிறது. புளித்தோ நாறியோ வந்தால் மக்கவில்லை. அடுத்தது வெந்தயம். ஒரு பங்கு பொடியைப் பத்துப் பங்கு தண்ணீரில் கலக்கி வடிகட்டி, அந்தத் தண்ணீரில் நனைத்த துணியில் ஐம்பது வெந்தயம், வெறும் தண்ணீரில் நனைத்த துணியில் ஐம்பது. நான்கு நாள் கழித்து முளையையும் வேர் நீளத்தையும் ஒப்பிடுங்கள். உரத்தண்ணீரில் முளைத்தவை மற்றதில் முக்கால் பங்குக்குக் கீழே இருந்தால் அந்தப் பொடியைச் செடிக்குப் போடாதீர்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இந்தச் சோதனையைச் செய்யலாம்: அவர்கள் ஏற்கெனவே மெஷின் வைத்திருக்கும் இடத்துக்குப் போய் ஒரு கிலோ பொடி கேட்டு வாங்கி வந்தால் போதும். வாங்கத்தான் போகிறீர்கள் என்றால், உங்கள் குப்பையை வைத்து, தனி மீட்டர் போட்டு, ஒரு வாரம் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஷோரூமில் போடும் கேரட், முட்டைக்கோஸ் துண்டுகள் வேறு; முருங்கைக்காய்ச் சக்கை, தேங்காய் நார், மாங்கொட்டை, வாழை இலைக் காம்பு வேறு. நார் துடுப்பில் சுற்றிக்கொண்டால் மோட்டார் டிரிப் ஆகும், மாங்கொட்டை துடுப்பை வளைக்கும், இரண்டுமே ஏஎம்சியில் (ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தத்தில்) வராது என்று பொடி எழுத்தில் இருக்கும். ‘100 கிலோ மெஷின்’ என்பது ஒரு நாள் கொள்ளளவா, தொட்டியில் ஒரே நேரத்தில் பிடிக்கும் அளவா என்றும் எழுதி வாங்குங்கள்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். குப்பையை நறுக்கி, மரத்தூளோடு கலந்து மட்டும் கொடுத்துவிட்டு, பிறகு கூடைகளில் சில வாரம் வைத்து மக்க விடச் சொல்லும் மெஷின்களும் இருக்கின்றன. அவை பொய் சொல்வதில்லை. ஆனால் அந்தக் கூடை வேலைதான் உண்மையான வேலை. அதை மெஷின் இல்லாமலும் செய்யலாம் என்பது புரிந்த பிறகு நாங்கள் செங்கல் உரத்தொட்டிக்கு மாறினோம்.

தொட்டி என்பது மூன்றடி நீளம், மூன்றடி அகலம், நான்கடி உயரம். கொள்ளளவு சுமார் ஆயிரம் லிட்டர். இதைவிடச் சிறியது என்றால் சூடு நிற்காது. உயரத்தைக் கூட்டினால் அடிப்பாகம் அமுங்கிக் காற்று போகாது. பக்கச் சுவரில் செங்கல் விட்டுச் செங்கல் இடைவெளி, உள்பக்கம் எலி நுழையாத கம்பி வலை, முன்பக்கம் கழற்றி மாட்டும் பலகைகள். தரை சற்றே சாய்வு, அதன் மேல் நான்கு அங்குல உயரத்தில் கம்பித் தட்டு. அப்போதுதான் அடியிலிருந்தும் காற்று ஏறும். மேலே கூரை கட்டாயம், சாரல் அடிக்காத அளவுக்கு இரண்டடி வெளியே நீட்டி. எத்தனை தொட்டி என்பதில்தான் பல இடங்களில் கோட்டை விடுகிறார்கள். 75 கிலோ ஈரக்குப்பையும் அதற்கான சருகும் சேர்ந்து நாளுக்கு 250–300 லிட்டர் இடம் பிடிக்கும். ஆனால் வாரத்துக்குள் பாதியாக அமுங்கும். ஆக ஒரு தொட்டி ஆறு நாளில் நிரம்பும். 45 நாள் மக்க வேண்டுமென்றால் எட்டுத் தொட்டி, கிளறி மாற்றிப் போட இரண்டு காலித் தொட்டி, மொத்தம் பத்து. ஆறு தொட்டி கட்டிவிட்டுச் சமாளிக்கலாம் என்று இறங்கினால், இடமில்லாமல் பாதி மக்கியதை வெளியே அள்ள வேண்டி வரும். அன்றிலிருந்து நாற்றம், புகார், வாட்ஸ்அப் சண்டை.

இப்போது சருகு. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு பத்தியைத்தான் ஞாபகம் வைத்துக்கொள்வீர்கள் என்றால் இது அந்தப் பத்தியாக இருக்கட்டும். மக்குகிற குவியலில் ஈரம் 50–60 சதவீதம் இருக்க வேண்டும், ஈரக்குப்பையிலோ 75. கார்பன்–நைட்ரஜன் விகிதம் 25–30 வேண்டும். அடுக்களைக் கழிவில் 15–20தான். இரண்டு குறையையும் ஒரே நேரத்தில் சரிசெய்வது காய்ந்த சருகு. 75 கிலோ ஈரத்துக்கு 20 கிலோ சருகு. எடைத் தராசு இல்லையென்றால், ஒரு வாளி குப்பைக்கு நொறுக்கிய சருகு ஒரு வாளி. மாதத்துக்கு 600 கிலோ. நினைத்துப் பாருங்கள், அது எத்தனை மூட்டை! வேம்பும் புங்கமும் இலை உதிர்ப்பது மாசி, பங்குனியில். சருகு நிறையத் தேவைப்படுவதோ ஐப்பசி, கார்த்திகை மழையில். ஆகவே கோடை தொடங்கும்போதே பழைய சிமென்ட் சாக்குகளில் அமுக்கிக் கட்டி, நனையாத இடத்தில், பலகை மேல் அடுக்கிவிட வேண்டும். பார்க்கிங்கில் ஒரு கார் நிற்கும் இடமாவது இதற்குப் போகும். தொட்டி கட்டும்போதே பொதுக்குழுவில் அதற்கும் அனுமதி வாங்கிவிடுங்கள், பிறகு கேட்டால் கிடைக்காது. தூங்குமூஞ்சி மர இலை நொறுக்காமலே மக்கும், வாதாங்கொட்டை இலையை நொறுக்காமல் போட்டால் தட்டுத் தட்டாக ஒட்டிக்கொண்டு காற்றை அடைக்கும். சருகு தீர்ந்தால் மரவாடியில் மரத்தூள் கேட்கலாம். பிளைவுட், எம்டிஎஃப் அறுக்கும் இடத்துத் தூள் வேண்டாம், அதில் பசை இருக்கும். தென்னை நார்க்கழிவு ஈரத்தை நன்றாக உறிஞ்சும், ஆனால் மெதுவாகத்தான் மக்கும்; பாதிக்கு மேல் அதையே நம்ப வேண்டாம்.

அன்றாட வேலை எளிது. அடியில் அரையடி முரட்டுச் சருகு, சுள்ளி. அதன் மேல் கலந்த குப்பை, ஒவ்வொரு நாளும் மேலே இரண்டு அங்குலம் சருகு மூடி. ஈரம் தெரியக் கூடாது, தெரிந்தால் ஈ வரும். முதல் தொட்டிக்கு மட்டும் சாணக் கரைசலோ புளித்த மோரோ தெளிக்கலாம். அடுத்தடுத்த தொட்டிகளுக்குப் பழைய தொட்டியிலிருந்து இரண்டு கூடை அரைகுறை உரம் போட்டாலே போதும், எந்தப் பொடியும் காசு கொடுத்து வாங்கத் தேவையில்லை. நீளக் கம்பித் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள். நடுவில் மூன்றாவது நாளுக்குள் 55 டிகிரியைத் தொட வேண்டும். தொடவில்லையென்றால் ஈரம் கூடியிருக்கிறது, அல்லது காய்ந்து போயிருக்கிறது. ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் இரண்டு சொட்டு தெரிந்தால் சரி. ஒழுகினால் சருகு சேர்த்துக் கிளறுங்கள். உதிர்ந்தால் தண்ணீர் தெளியுங்கள். 70-ஐத் தாண்டினால் உடனே கிளறிவிட வேண்டும். நிரம்பிய பத்தாம் நாள் ஒருமுறை, இருபத்தைந்தாம் நாள் ஒருமுறை முழுவதையும் பக்கத்துத் தொட்டிக்கு மாற்றுங்கள், வெளிப்பக்கம் இருந்தது உள்ளே போகும்படி. மூக்கும் ஒரு கருவிதான். மூக்கைத் துளைக்கும் அமோனியா நெடி என்றால் சருகு போதவில்லை. அழுகிய முட்டை நாற்றம் என்றால் காற்று போகவில்லை, அன்றே கிளற வேண்டும்.

புழுவைப் பார்த்ததும் குடியிருப்போர் அலறுவார்கள். பழுப்பு நிறத்தில், தட்டையாக, விரல் கணு நீளத்தில் இருந்தால் அது கருப்புப் படைவீரர் ஈயின் புழு. கடிக்காது, நோய் பரப்பாது, குப்பையை நம்மைவிட வேகமாகத் தீர்க்கும், விட்டுவிடுங்கள். வெள்ளையாக, அரிசி போல நெளிந்தால் வீட்டு ஈ. மேல் மூடி போதவில்லை என்று அர்த்தம். நம் வெப்பத்தில் முட்டையிலிருந்து ஈ ஆக ஒரு வாரம், பத்து நாள்தான் ஆகும். பார்த்த அன்றே மேல் அடுக்கை நடுவில் புதைத்து, மேலே கனமாகச் சருகு போட்டால் சூட்டில் செத்துவிடும். மருந்து அடிக்கவே கூடாது. கறி, மீன், எலும்பு சிறிதளவு என்றால் நடுவில் புதைக்கலாம், ஆனால் எலி ஒருமுறை வந்துவிட்டால் போகாது; நாங்கள் அசைவ எலும்பைத் தனி வாளியில் மாநகராட்சி வண்டிக்கே கொடுக்கிறோம்.

தொட்டி அடியில் கருஞ்சாறு ஒழுகினால் அதை ‘திரவ உரம்’ என்று பாட்டிலில் அடைத்துக் கொடுக்க யோசனை சொல்பவர்கள் வருவார்கள். அது மக்காத சாறு. காய்ந்திருக்கும் தொட்டியில் திரும்பத் தெளியுங்கள், மிஞ்சினால் கழிவுநீர்த் தொட்டிக்கு. மழைநீர் வடிகாலில் மட்டும் விடாதீர்கள். தினமும் வாளி கணக்கில் வந்தால் வடிகாலை ஆராய வேண்டாம், சருகைக் கூட்டுங்கள்.

பிரிப்பதைப் பற்றி ஊரே பேசுகிறது, சுருக்கமாகச் சொல்கிறேன். ஈரக்குப்பை வாளிக்கு பிளாஸ்டிக் பை போட அனுமதிக்காதீர்கள். செய்தித்தாள் போதும், அதுவும் சேர்ந்தே மக்கும். டயப்பர், நாப்கின் காகிதத்தில் சுற்றி அடையாளத்தோடு தனியாக. பேட்டரி, பல்பு, மாத்திரைப் பட்டைக்கு லிஃப்ட் பக்கத்தில் ஒரு பெட்டி. உலர்குப்பையில் காகிதம், அட்டை, தண்ணீர் பாட்டில், கழுவிய பால் பாக்கெட், தகரம் இவற்றைப் பழைய பேப்பர்காரர் எடுத்துக்கொள்வார். சிப்ஸ் கவரையும் தெர்மாகோலையும் எவரும் எடுப்பதில்லை. பிரிக்காத வீட்டுக்கு அபராதம் போட்டுப் பார்த்தோம், சண்டைதான் மிஞ்சியது. பிரிக்காத வாளியை எடுக்காமல் வாசலிலேயே விட்டுவிட்டு வரச் சொன்னதும் சரியானது. ஒரு நாள் முழுக்கத் தன் குப்பையைத் தானே முகர்ந்தால் போதும்.

ஆள் கூலியை மறைக்காதீர்கள். இந்த வேலைக்கு ஒரு நாளில் ஒருவருக்கு இரண்டு மணி நேரம், கிளறும் நாளில் இருவருக்கு அரை நாள். ‘ஏற்கெனவே ஹவுஸ்கீப்பிங்குக்கு ஆள் இருக்கிறார்களே’ என்று அவர்கள் தலையில் சும்மா கட்டினால் மூன்றாம் மாதம் தொட்டி நாறும். எங்கள் கணக்கில் தனிச் சம்பளம், கையுறை, ரப்பர் பூட்ஸ், சோப்பு எல்லாம் சேர்த்தும் மெஷினின் மின்சாரச் செலவுக்குள் அடங்கிவிட்டது. பத்துத் தொட்டியும் கூரையும் மெஷின் விலையில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. வயிறு எரிவது அந்த இடத்தில்தான்.

பண்டிகைக் குப்பை தனி ரகம். ஆயுத பூஜை மறுநாள் வாசல்களில் கிடக்கும் பூசணியில் தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் தண்ணீர். துண்டாக்கி, இரண்டு பங்கு சருகோடு, மூன்று நான்கு தொட்டிகளுக்குப் பிரித்துப் போடுங்கள், ஒரே தொட்டியில் கொட்டினால் அது குளம். வாழைக்கன்று, கரும்புச் சக்கை, நுங்கு எடுத்த பனங்காய், இளநீர்க் கூடு இவையெல்லாம் நறுக்காமல் உள்ளே போகக் கூடாது. தேங்காய் ஓட்டை ஒதுக்கிவிடுங்கள், ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும்.

நாற்பத்தைந்து நாள் கழித்து, தண்ணீர் தெளித்தும் சூடு ஏறவில்லை என்றால் அள்ளலாம். நிழலில் பரப்பி இரண்டு வாரம் ஆற விட்டு, 4 மில்லிமீட்டர் சல்லடையில் சலியுங்கள். சல்லடையில் நிற்பதைக் கொட்டிவிடாதீர்கள், அதுதான் அடுத்த தொட்டிக்கு உறைமோர். சலித்ததையும் அந்த வெந்தயச் சோதனைக்கு ஒருமுறை உட்படுத்துங்கள். தொட்டிச் செடிக்கு மண்ணில் நான்கில் ஒரு பங்குக்கு மேல் கலக்க வேண்டாம். வீடுகளுக்குக் கொடுத்தது போக மிஞ்சும், நிச்சயம் மிஞ்சும்; ஆடி மாதம் விதைப்புக்கு முன்னால் மாடித்தோட்டக்காரர்கள் தேடி வருவார்கள், அதுவரை சாக்கின் வாயை இறுக்கிக் கட்டாமல் காற்றுப் போகும்படி விட்டு வையுங்கள்.